விசுவாசத்தில் ஆண்டாண்டாக நிலைத்து வளர: ஒரு முழுமையான வழிகாட்டி

தேமா என்ற பெயர் புதிய ஏற்பாட்டில் 3 இடங்களில் மட்டுமே வருகிறது. கொலோசெயர் 4:14-இல் லூக்காவோடு சேர்ந்து வாழ்த்துதல் அனுப்புகிறான். பிலேமோன் 24-இல் பவுலின் உடன்வேலையாட்களில் ஒருவனாக எண்ணப்படுகிறான். 2 தீமோத்தேயு 4:10-இலோ, இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் பிரிந்துபோனான் என்று எழுதியிருக்கிறது. அடுத்த வசனத்திலேயே மாற்கு வருகிறான். முதல் ஊழியப் பயணத்தில் பாதியில் திரும்பிப்போனவன் (அப்போஸ்தலர் 13:13) அவன். அவனால் பவுலும் அவருடைய உடன்ஊழியர் பர்னபாவும் பிரிய நேர்ந்தது. அவனைப் பற்றித்தான் இப்போது, "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று பவுல் எழுதுகிறார்.

ஆரம்ப வைராக்கியத்தை வைத்து யாரையும் கணிக்க முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. நீண்டகால விசுவாசத்துக்குக் கைகொடுப்பவை மூன்று: மோசமான நாளிலும் கைவிடாத அளவுக்குச் சிறிய ஒழுங்கு, நீங்கள் காணாமல் போனால் கவனிக்க ஓர் ஆள், விழுந்தால் திரும்பி வரத் தெரிந்த வழி. இவை இல்லாதபோது எத்தனை எழுப்புதல் கூட்டங்களுக்குப் போனாலும் நிற்காது. கீழே வரும் படிகளைப் பொதுவாக வரிசையாகவே செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மூன்று படிகளுக்கே மூன்று மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

விதைக்கிறவன் உவமையை (மாற்கு 4) இயேசுவே விளக்கும்போது, விதையாகிய வசனம் பலன் தராமல் போவதற்கான காரணங்களைத் தனித்தனியாகச் சொல்கிறார். கற்பாறை நிலத்தில் விழுந்தது சந்தோஷத்தோடு உடனே முளைக்கிறது, வேர் இல்லை, உபத்திரவம் வந்தவுடனே இடறுகிறது. முள்ளுள்ள நிலத்தில் விழுந்தது காய்ந்துபோவதில்லை, நெருக்குண்டுபோகிறது. உலகக்கவலைகள், ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவைகளைப்பற்றிய இச்சைகள் ஆகிய மூன்றும்தான் அந்த முட்கள்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்து பாறைதான். பத்து, இருபது ஆண்டுகள் ஆனவர்களுக்கு முள். இரண்டுக்கும் மருந்து வேறு. பாறையில் இருப்பவருக்கு வசனமும் துணையும் தேவை. முள்ளில் இருப்பவருக்கு இன்னொரு வேதபாட வகுப்பால் பெரிய பயனில்லை. அவர் எதையாவது பிடுங்கி எறிந்தாக வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக் கடந்த 30 நாட்களைப் பற்றி நான்கு விடைகள் எழுதுங்கள். தனியாக ஜெபித்த நாட்கள் எத்தனை? ஆராதனைக்குப் போன ஞாயிறுகள் எத்தனை? என் உண்மையான போராட்டம் இப்போது யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் மறைத்து வைத்திருப்பது எது? முதல் இரண்டு விடைகள் குறைவாக இருந்தால் படி 2-உம் 3-உம் பெரிதும் உதவும். கடைசி இரண்டில் பேனா நின்றுவிட்டதென்றால் படி 5-ஐ முதலில் படியுங்கள்.

படி 2: சிறிய ஒழுங்கு ஒன்று

தினமும் பத்து நிமிடம் போதும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் 2 நிமிடம் அமைதி, அல்லது ஒரு சங்கீதத்தின் சில வசனங்களைச் சத்தமாக வாசித்தல். 5 நிமிடம் வேதவாசிப்பு. 3 நிமிடம் ஜெபம். இதை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: பல் துலக்கியதும், அல்லது பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது.

இதற்கும் கீழே ஒரு குறைந்தபட்ச அளவை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். காய்ச்சல், இரவுப் பணி, கைக்குழந்தை, பயணம் என்று நாள் முழுவதும் கலைந்துபோகும்போது செய்ய வேண்டியது அது. இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஒருமுறை சொல்வது அதற்குப் போதும். திதாக்கே என்ற மிகப் பழைய திருச்சபைக் கையேடு அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. ஆதி விசுவாசிகளுக்கு அதுவே ஒழுங்காக இருந்திருக்கிறது, அதை அற்பமாக நினைக்கத் தேவையில்லை.

இங்கே வழக்கமாக நடக்கிற தவறு ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தில் உள்ளம் உடைந்து, "நாளை முதல் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம்" என்று தீர்மானம் எடுப்பது. இரண்டு வாரம் ஓடும். மூன்றாம் வாரம் ஒருநாள் தூங்கிவிடுவோம். அந்த ஒருநாளால் எதுவும் கெட்டுவிடாது. அதன்பின் வரும் குற்ற உணர்வுதான் ஆளைக் கெடுக்கும். தேவனுக்கு முன் உட்காரவே கூச்சமாகி, ஜெபத்தையே தவிர்க்கத் தொடங்குவோம். ஆகையால் பத்து நிமிடத்தை மூன்று மாதம் நடத்திக் காட்டிய பிறகே ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

படி 3: வேதவாசிப்பு, திட்டம் எங்கே முறிகிறது என்று தெரிந்துகொண்டு

66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 புத்தகங்கள் என்பதால் எண்ணிக்கை கூடும்.) ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று முதல் நான்கு அதிகாரம் வேண்டும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும்.

ஆதியாகமம் தொடங்கி நேராக வாசிக்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஆதியாகமத்துக்கு 50 அதிகாரம். யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பிக்கின்றன. அது ஏறக்குறைய 23-ஆம் நாள். 28-ஆம் நாள்வாக்கில் லேவியராகமத்தின் பலிகள். புத்தாண்டுத் தீர்மானம் ஜனவரி முடிவதற்குள் கரைந்துபோவது இதனால்தான். உங்கள் பக்தியில் குறை என்று நினைத்துவிட வேண்டாம். பகுதிகளைக் கலந்து வாசித்தால் இந்த முடக்கம் வராது. 1842-இல் ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் தம் சபைக்காக எழுதிய அட்டவணை இதற்கு நல்ல மாதிரி. நாளுக்கு நான்கு இடங்களிலிருந்து வாசித்து, ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிப்பது அதன் முறை.

அதுவும் அதிகம் என்றால், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்குப் புதிய ஏற்பாட்டில் ஒரே அதிகாரம். வாரத்துக்கு 5 என்று 52 வாரத்தில் 260-உம் முடிந்துவிடும். சனியும் ஞாயிறும் விட்டுப்போனதைப் பிடிக்க இருக்கின்றன. அதற்குமேல் பாக்கி சேர்ந்தால் அதை விட்டுவிட்டு இன்றைய தேதியின் பகுதிக்கே போங்கள். பத்து நாள் பாக்கியை ஒரே இரவில் வாசிப்பவருக்கு அடுத்த நாள் வேதம் கைக்கு வராது.

வேகமாக வாசிப்பது வரைபடத்தைக் காட்டும், உள்ளத்தை மாற்றுவது மெதுவாக வாசிப்பதுதான். வாரத்தில் ஒருநாள் ஒரே சிறு பகுதியோடு 20 நிமிடம் உட்காருங்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 6 வசனம்தான். முதல்முறை சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வருகிறது. தாவீது தேவனிடமே முறையிடுகிறான், பிறரிடம் போய்த் தேவனைப் பற்றிக் குறைசொல்லவில்லை. 3, 4-ஆம் வசனங்களில் விண்ணப்பம்: நோக்கிப் பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். 5, 6-இல் நம்பிக்கையும் பாடலும். நிலைமை மாறியதாக ஒரு வார்த்தைகூட அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் முறை வாசித்து, உங்கள் "எதுவரைக்கும்" எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு அதே மூன்று பகுதிகளில், இரண்டிரண்டு வரியாக, உங்கள் சொந்த ஜெபத்தை எழுதுங்கள். பாடல் பகுதிக்கு வார்த்தை வரவில்லை என்றால் காலியாக விட்டுவிடுங்கள். இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதமும் வேதத்தில்தானே இருக்கிறது.

மனப்பாடம்: வாரத்துக்கு ஒரு வசனம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று திருப்பிச் சொல்லுங்கள். எங்கோ கிடக்கும் தனி வசனங்களைவிட ரோமர் 8 போல ஒரே அதிகாரத்தைத் தொடர்ச்சியாகப் படிப்பது மருத்துவமனைப் படுக்கையில் அதிகம் உதவும்.

படி 4: ஜெபம்

ஜெபக்குறிப்பு நீளமாவதுதான் பலருக்கும் ஜெபம் சலிப்பதற்குக் காரணம். அறுபது பெயரை ஒரே மூச்சில் ஒப்பிக்காமல் ஏழு நாளுக்குப் பிரியுங்கள். குடும்பம் தினமும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள். பெயருக்கு எதிரே தேதியும் கேட்ட காரியமும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் சில கேட்டபடி நடந்திருக்கும், சில வேறு விதமாக நடந்திருக்கும், சில அப்படியே நிற்கும். மூன்றையும் ஒளிக்காமல் குறித்து வையுங்கள். பதில் கிடைத்தவற்றை மட்டும் எழுதிச் சேர்க்கும் நோட்டு, ஒரு பெரிய "இல்லை" வரும்போது கைகொடுக்காது.

இரவில் படுக்குமுன் இன்னொரு ஐந்து நிமிடம் முடிந்தால், இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 16-ஆம் நூற்றாண்டில் கற்பித்த ஐந்து படித் தன்னாய்வு எந்தச் சபையாருக்கும் பொருந்தும்: இன்றைக்கு நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து இன்றைய நாளை மனதில் ஓட்டிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது. மூன்றாம் படியில் "இன்று பொறுமை இல்லை" என்று பொதுவாகச் சொல்லி நழுவாதீர்கள். யாரிடம், எந்த வாக்கியத்தில், எதற்காக எரிந்து விழுந்தீர்கள் என்று பாருங்கள்.

படி 5: கவனிக்கிற ஆட்கள்

பாவத்தின் வஞ்சனையால் ஒருவனும் கடினப்பட்டுப்போகாதபடி நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று எபிரெயர் 3:13 சொல்கிறது. வஞ்சிக்கப்படுகிறவனுக்குத் தான் வஞ்சிக்கப்படுவது தெரியாது. அதனால் தனி விசுவாசி எவ்வளவு உண்மையுள்ளவரானாலும் இந்த இடத்தில் தன்னைத் தானே காக்க முடியாது.

1742-இல் பிரிஸ்டல் நகரில் ஒரு கட்டடக் கடனை அடைக்க, மெதடிஸ்டுகள் சுமார் 12 பேருக்கு ஒரு தலைவரை வைத்து வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலிக்கப் போன தலைவர்கள் வீடுகளில் குடியும் சண்டையும் நடப்பதைப் பார்த்துவந்து அந்த மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லியிடம் சொன்னார்கள். அந்த வசூல் ஏற்பாடே வாரந்தோறும் ஆத்தும நிலையை விசாரிக்கும் வகுப்பாக மாறியது. பிரசங்கத்தில் தெரியாதது வீட்டு வாசலில் தெரிந்தது.

நீங்கள் தொடங்குவதற்கு 12 பேர் வேண்டாம், இரண்டு அல்லது மூன்று பேர் போதும். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம். கேள்விகள் நான்கே: எந்த வசனம் உங்களைத் தொட்டது? எங்கே விழுந்தீர்கள், அல்லது விழப் பார்த்தீர்கள்? யாரோடு சமாதானமில்லை? எதற்காக ஜெபிக்க வேண்டும்? ஒவ்வொருவரும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுங்கள், கடைசியில் ஒருவருக்கொருவர் ஜெபியுங்கள். பேசியது வெளியே போகக்கூடாது. ஒருவருடைய உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மட்டும் இந்த விதி செல்லாது, உடனே உதவி கேட்க வேண்டும்.

இந்தக் குழுக்கள் மூன்று விதமாகக் கெடும். வராதவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் புறங்கூறுதலாகிவிடும். கஷ்டமான கேள்வி வரும்போதெல்லாம் வேத விவாதத்துக்குள் ஒளிந்தால் பட்டிமன்றமாகிவிடும். ஒருவரே எப்போதும் கேள்வி கேட்டு மற்றவர் எப்போதும் பதில் சொன்னால் காவல் நிலையமாகிவிடும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது, ஒரு பக்கம் மட்டும் அல்ல.

சபையை விட்டுவிட்டு இணையப் பிரசங்கங்களோடு நிற்பவர்கள் இப்போது அதிகம். படுக்கையில் இருப்பவருக்கு அது வரப்பிரசாதம், சந்தேகமில்லை. நடமாட முடிகிறவருக்கு அது போதாது. திரையில் பேசுகிற போதகருக்கு நீங்கள் ஒரு மாதமாக வரவில்லை என்பது தெரியாது. திருவிருந்தில் பக்கத்தில் நிற்பவரோடு மனத்தாங்கலைத் தீர்க்க வேண்டிய அவசியமும் அங்கே எழாது.

அதேசமயம், எல்லாச் சபையிலும் சகித்துக்கொண்டு இருப்பது நிலைத்திருத்தல் ஆகாது. கேள்வி கேட்பதைக் கலகம் என்கிற தலைமை, கணக்குக் காட்டாத காணிக்கை, குடும்பத்திலிருந்து பிரிக்கிற அழுத்தம், தனிமையில் சொன்ன பாவத்தை மேடையில் குத்திக்காட்டுவது, துஷ்பிரயோகத்தை மூடிமறைப்பது: இவற்றைக் கண்டால் வெளியேறுங்கள். அது பின்மாற்றம் அல்ல, அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது அல்ல. வெளியேறிய மூன்று மாதத்துக்குள் வேறொரு சபையில் உட்காரத் தொடங்குங்கள். அதுவரை மேலே சொன்ன இரண்டு பேரை விட்டுவிடாதீர்கள்.

படி 6: முட்களைப் பிடுங்குதல்

பணத்துக்கு 1 கொரிந்தியர் 16:2 நடைமுறையான விதி தருகிறது: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாக, முதலிலேயே எடுத்துவைப்பது. மீதியானதைக் கொடுக்கிறவர்களுக்கு மீதி ஆவதில்லை. வாரத்தில் ஒருநாள் சம்பாதிக்கும் வேலையை நிறுத்துங்கள். அந்த நாளில் திரையையும் சில மணி நேரம் மூடுங்கள்.

ஊழியமும் ஒரு முள்ளாகலாம் என்பதைச் சபைகள் சொல்வதில்லை. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், கமிட்டி என்று நான்கு பொறுப்பைச் சுமப்பவரை முதிர்ந்தவர் என்று எண்ணுகிறோம். அவர் ஆராதனையில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒருவருக்கு ஒரு முக்கியப் பொறுப்பு, ஒரு சிறு பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் ஆளும் நிலைப்பார், ஊழியமும் நிலைக்கும்.

படி 7: வறட்சியும் சந்தேகமும்

ஜெபம் வறண்டுபோனால் உடனே "எங்கே பாவம் செய்தேன்" என்று தோண்ட வேண்டாம். முதலில் உடம்பைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்கிறான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் எல்லாம் போய்விட்டதென்றால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல.

உடம்பும் மனமும் நன்றாக இருந்து, மறைத்த பாவமும் இல்லாமல், வெறுமனே எல்லாம் சப்பென்று ஆகிவிட்டால், அது பழைய நோய்தான். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத் துறவி எவாகிரியுஸ் அதற்கு நடுப்பகல் பிசாசு என்றே பெயர் கொடுத்தார். சூரியன் நகராததுபோல் தோன்றும், சகோதரர்களிடம் அன்பு குறைந்துவிட்டது என்று படும், வேறு இடத்துக்குப் போனால் நன்றாயிருக்கும் என்று மனம் சொல்லும். அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு ஓடாமல் இருப்பது. வறட்சியான காலத்தில் சபை, வேலை, திருமணம் பற்றிய பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். ஜெபத்தைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தையே ஜெபமாக வாசியுங்கள்.

சந்தேகத்துக்கு வேறு முறை. "எல்லாமே பொய்யோ" என்ற மூட்டத்தை ஒரு கேள்வியாக எழுதுங்கள். அது வரலாற்றுக் கேள்வியா, அறிவியல் கேள்வியா, "என் பிள்ளை ஏன் இறந்தது" என்ற வலியா? முதல் இரண்டுக்கும் நல்ல நூல்களும் கற்றறிந்த போதகர்களும் உண்டு. மூன்றாவதற்குப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது கொடுமை, கூட உட்கார ஆள்தான் வேண்டும். இயேசு உயிர்த்தெழுந்ததைத் தோமா நம்பாமலே எட்டு நாள் கழித்தும் மற்றச் சீஷரோடு உள்ளே இருந்தான் (யோவான் 20:26). இயேசு அவனுக்குக் காட்சி தந்தது அங்கேதான். சந்தேகத்தோடு ஆராதனைக்குப் போவது வேஷம் அல்ல. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்ற மனிதனின் பிள்ளை அன்றைக்கே சுகமானது.

படி 8: ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு

அரைநாள் ஒதுக்கி 2 பேதுரு 1:5-7-ஐத் திறந்து வையுங்கள். விசுவாசத்தோடே கூட்டச் சொல்லியிருக்கும் ஏழும் அங்கே வரிசையாக உண்டு: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. வாசித்த அதிகாரங்களின் எண்ணிக்கையோ பார்த்த தரிசனமோ அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சென்ற ஆண்டிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எழுதப் பாருங்கள். பிறகு உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள்: "போன வருஷத்தைவிட என்னோடு வாழ்வது சுலபமாயிருக்கிறதா?" பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். வரும் ஆண்டுக்கு ஏழில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: விழுந்தால் திரும்பும் வழி

ஆதி அன்பை விட்ட எபேசு சபைக்கு வெளிப்படுத்தல் 2:5-இல் மூன்று கட்டளைகள்: நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். பழைய உணர்ச்சியைத் திரும்ப வரவழை என்று சொல்லவில்லை. உணர்ச்சி வரும்வரை காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்கிறார்கள்.

அன்றைக்கே, பாவத்தின் பெயரைச் சொல்லித் தேவனிடம் அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9, சங்கீதம் 51). "என் குறைகளை மன்னியும்" என்ற பொதுவான வாக்கியம் இங்கே உதவாது. 24 மணி நேரத்துக்குள் உங்கள் குழுவில் ஒருவருக்குத் தெரிவியுங்கள். குருவிடம் பாவ அறிக்கை செய்யும் மரபுள்ள திருச்சபையில் இருந்தால் குருவிடம் போங்கள். யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அந்த வாரத்திலேயே மன்னிப்புக் கேட்டு, திருப்பித் தர வேண்டியதைத் தாருங்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக வரி வசூலித்த சகேயு சொன்னான். விழுந்த வழியை அடைத்துவிடுங்கள்: தொலைபேசி எண்ணை அழிப்பது, கணக்கை மூடுவது, தனியாக இருக்கும் நேரத்தை மாற்றுவது. சட்டப்படி குற்றமென்றால் அறிக்கையோடு நின்றுவிடாமல் அதன் விளைவையும் ஏற்க வேண்டும்.

பல மாதங்கள், ஆண்டுகள் விலகி இருந்தவர் ஒரு ஞாயிறைக் குறித்துவிட்டு, முந்தைய நாளே சபையில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள், "நாளை வருகிறேன், பக்கத்தில் இடம் பிடித்து வையுங்கள்" என்று. "எங்கே இத்தனை நாள்?" என்று நாலுபேர் கேட்பார்கள். "விலகிப் போயிருந்தேன், வந்துவிட்டேன்" என்பது போதுமான பதில், விவரம் எல்லோருக்கும் தேவையில்லை. விட்ட பொறுப்புகளை ஆறு மாதத்துக்குத் திரும்ப எடுக்காதீர்கள், யாராவது வற்புறுத்தினாலும். திங்கட்கிழமை காலை பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள், அன்றைய தேதிக்கு உரிய பகுதியை வாசித்து.